அலைக்கற்றையை விற்றுக் காசு பார்த்தது அரசாங்கம், மைக்குக்குத் தண்டம் அழுவது நாங்களா?

மறுபடியும் கேட்டுவிட்டார்கள். "பழைய கார்ட்லெஸ் மைக் பெட்டி நிறைய சும்மா கிடக்கே, அதையே போட்டுக்கலாமே, எதுக்கு இந்த வருஷமும் வாடகை?" பொங்கல் விழாவுக்கான கூட்டத்தில் பொருளாளர் கேட்ட கேள்வி. அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. தமிழ்ப் பள்ளிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தும், விழாக்களில் இட்லி வடை விற்றும் சேர்த்த காசில் வாங்கிய மைக்குகள் அவை. இன்றைக்கும் பேட்டரி போட்டால் பச்சை விளக்கு எரியும், குரல் கணீரென்று வரும். ஒரு பழுதும் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் அவற்றை இயக்குவது 2020 ஜூலை 13 முதல் சட்டவிரோதம்.

தமிழ்ச் சங்கம், கோயில், நாட்டியப் பள்ளி என்று இங்கே ஓய்வு நேரத்தில் ஒலியமைப்புப் பார்க்கிற எல்லோரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருப்பார்கள். எனக்கு அலுப்பு போய் ஆத்திரம்தான் மிச்சம். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

கார்ட்லெஸ் மைக் என்பது ஒரு குட்டி வானொலி நிலையம். பேசுகிறவர் கையில் அல்லது இடுப்பில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒரு அலைவரிசையில் ஒலிபரப்பும், மிக்ஸர் பக்கத்தில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடிக்கும். அமெரிக்காவில் இந்த மைக்குகள் காலகாலமாகத் தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்து வந்தன. ஒரு தொலைக்காட்சிச் சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் (அலைவரிசையை அளக்கும் அலகு) இடம். எந்த ஊரிலும் எல்லாச் சேனலும் ஒளிபரப்பாகாது. காலியாக இருக்கும் சேனலில் மைக்குகள் ஓடும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, தேவாலயம் முதல் பள்ளிக்கூட நாடகம் வரை எல்லாம் அதில்தான் நடந்தது.

முதல் அடி 2010இல் விழுந்தது. தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறப் போகிறது என்று 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த மேல் பகுதியில் பெரும்பங்கை 2008இலேயே சுமார் 1,900 கோடி டாலருக்கு ஏலம் விட்டிருந்தார்கள். 2010 ஜூன் 12க்குப் பிறகு அங்கே மைக் ஓடக் கூடாது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி., உத்தரவு போட்டது. சரி, செல்போனுக்கு இடம் வேண்டும், ஒப்புக்கொள்கிறோம் என்று எல்லோரும் பழசை ஓரம்கட்டிவிட்டு 600களில் ஓடும் மைக் வாங்கினார்கள். 698க்குக் கீழே போனால் பிரச்சினை இல்லை என்றுதான் கடைக்காரரும் சொன்னார், விதியும் சொன்னது.

அந்த மைக்கின் பளபளப்புகூடப் போகவில்லை. 2012இல் நாடாளுமன்றம் அடுத்த ஏலத்துக்குச் சட்டம் இயற்றிவிட்டது. 2016 மார்ச்சில் ஆரம்பித்து 2017 மார்ச்சில் முடிந்த அந்த ஏலத்தில் தொலைக்காட்சியின் கையை விட்டு 84 மெகாஹெர்ட்ஸ் போனது. மொத்தம் கிட்டத்தட்ட 1,980 கோடி டாலர். டி-மொபைல் நிறுவனம் மட்டும் ஏறக்குறைய 800 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 617 முதல் 652 வரையும், 663 முதல் 698 வரையும் செல்போனுக்குப் போயிற்று. நாங்கள் நம்பி வாங்கிய அதே 600கள்!

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த 1,980 கோடியில் சுமார் 1,000 கோடி டாலர் அலைவரிசையை விட்டுக்கொடுத்த தொலைக்காட்சி நிலையங்களுக்குப் போனது. 700 கோடிக்கு மேல் அரசாங்கக் கஜானாவுக்குப் போனது. சேனல் எண் மாற வேண்டியிருந்த நிலையங்களுக்குப் புது ஆன்டெனா, புது டிரான்ஸ்மிட்டர் வாங்க 175 கோடி டாலர் தனியாக ஒதுக்கினார்கள். அது பற்றாது என்றதும் 2018இல் இன்னும் 100 கோடி சேர்த்தார்கள். நிலையங்கள் கேட்டதில் தப்பே இல்லை, அரசாங்கம் இடம் மாறச் சொன்னால் செலவை அரசாங்கம்தான் ஏற்க வேண்டும். அப்படியானால் மைக் வைத்திருந்தவர்களுக்கு? ஒரு டாலர் இல்லை. அரை டாலர் இல்லை. சில தயாரிப்பாளர்கள் பழசைக் கொடுத்தால் புதுசில் கொஞ்சம் தள்ளுபடி என்றார்கள், அவ்வளவுதான். அதுவும் மறுபடி அவர்களிடமே வாங்கினால்.

ஏலம் முடிந்த பிறகும் அந்த மைக்குகளை விற்பதை உடனே நிறுத்தவில்லை. 2018 அக்டோபர் 13 வரை விற்கலாம் என்று அனுமதி. ஒன்றரை வருஷம்! பெட்டியில் எச்சரிக்கைக் குறிப்பு வைக்க வேண்டும் என்று விதி இருந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை அந்தக் குறிப்பில் இருக்கும் மெகாஹெர்ட்ஸ் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமா? ஆண்டு விழாவுக்கு நாலு மைக் வேண்டும் என்று கடைக்குப் போனவருக்கு, சீக்கிரமே காலாவதியாகப் போகிற பொருளை விற்க எப்படி மனசு வருகிறது?

இதைக் கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். "உங்களிடம் லைசென்ஸ் இல்லையே, உரிமையே இல்லாத இடத்தில் இருந்துவிட்டு இழப்பீடு கேட்டால் எப்படி?" இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த மைக்குகள் எஃப்.சி.சி. சான்று பெற்றவை. கடையில் வெளிப்படையாக அடுக்கி வைத்து விற்றவை. பள்ளிகளும் தேவாலயங்களும் கோயில்களும் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன என்பது ஊர் உலகத்துக்கே தெரியும், ஆணையத்துக்கும் தெரியும். லைசென்ஸ் வாங்கலாம் என்றாலும், விதிப்படி அது வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள், திரைப்படத் தயாரிப்பாளர்கள் போன்றவர்களுக்குத்தான். எங்களுக்கு விண்ணப்பிக்கவே தகுதி கிடையாது. கேட்டாலும் தராத லைசென்ஸை, ஏன் வாங்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

2014இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். எப்படித் தெரியுமா? வழக்கமாக 50 அல்லது அதற்கு மேல் மைக் பயன்படுத்தும் அரங்கங்களும் ஒலியமைப்பு நிறுவனங்களும் லைசென்ஸ் கேட்கலாம். ஐம்பது! பெரிய இசை நாடக அரங்கமும், கால்பந்து மைதானமும், மாநாடு நடத்தும் கம்பெனியும் அந்த வரம்பைத் தாண்டும். எட்டு மைக்கில் விழா நடத்தும் தமிழ்ப் பள்ளி எந்த ஜென்மத்தில் தாண்டும்? லைசென்ஸ் உள்ளவர்கள் தங்கள் நிகழ்ச்சிக்கான அலைவரிசையை முன்கூட்டியே பதிவு செய்து பாதுகாத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சி அலைவரிசையில் 250 மில்லிவாட் வரை சக்தி அனுமதி. லைசென்ஸ் இல்லாதவருக்கு 50 மில்லிவாட், பாதுகாப்பு எதுவும் இல்லை. புது மைக் வாங்கப் பணமும் ஆளும் இருப்பவர்களுக்கே பாதுகாப்பும் கொடுத்தால், இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

விதிக்கும் தேதிக்கும் முன்னாலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. பல ஊர்களில் 2020 ஜூலைக்கு வெகு முன்பே 600களில் செல்போன் சேவை தொடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் நடந்த ஓர் ஆண்டு விழா இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகள் பாரி வள்ளல் நாடகம் போட்டார்கள். நாலு மணிக்குக் காலி அரங்கில் வேறு சிக்னல் ஏதும் குறுக்கிடுகிறதா என்று ஸ்கேன் செய்தபோது எல்லாம் சுத்தம். ஒத்திகை அற்புதம். ஆறு மணிக்குக் கூட்டம் நிரம்பியது. கபிலர் வேஷம் போட்ட பையன், ஒட்டுத்தாடி, கன்னத்தில் டேப் போட்டு ஒட்டிய ஹெட்செட் மைக்கோடு, "மன்னா" என்று ஆரம்பித்ததும் கர்ர்ர் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. ரிசீவரில் சிக்னல் விளக்கு மட்டும் முழுசாக எரிகிறது, ஆனால் எரிவது பையனின் சிக்னலால் அல்ல. வேறு ஏதோ உள்ளே புகுந்துவிட்டது. பையன் நிறுத்தவில்லை. மாசக்கணக்கில் மனப்பாடம் செய்த வசனத்தை உதடு மட்டும் அசையச் சொல்லி முடித்தான். பின் வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல் கேட்கவில்லை.

அது ஏன் நடந்தது என்று தெரிந்தால் கோபம் இன்னும் கூடும். இந்த 600 அலைவரிசையில் 617 முதல் 652 வரை செல்போன் கோபுரம் பேசும், 663 முதல் 698 வரை நம் கையில் இருக்கும் செல்போன் பேசும். எங்கள் மைக் இரண்டாவது பகுதியில் இருந்தது. மைக்கின் டிரான்ஸ்மிட்டர் 10, 30 மில்லிவாட்டில் முனகும். செல்போன் தேவைப்பட்டால் 200 மில்லிவாட் வரை போகும். பள்ளி அரங்கமோ கான்கிரீட் பெட்டி, உள்ளே சிக்னல் குறைவு, அதனால் போன்கள் சக்தியை ஏற்றிக்கொண்டு கத்தும். பிள்ளை மேடையேறியதும் அப்பா அம்மா எல்லோரும் ஒரே நேரத்தில் மதுரைக்கும் கோவைக்கும் தாத்தா பாட்டிக்கு வீடியோ அனுப்புகிறார்கள். அனுப்பத்தான் செய்வார்கள், அதற்குத்தானே விழா. நடுவில் மாட்டியது இடுப்பில் பட்டுப் பாவாடைக்குள்ளும் அங்கவஸ்திரத்துக்குள்ளும் ஆன்டெனா மடங்கிக் கிடக்கும் அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்.

செல்போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 600 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் துளைக்கும், வெகுதூரம் போகும், கோபுரம் குறைவாக இருக்கும் கிராமத்துக்கு அது பெரிய வரம். எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துக்கொண்டதற்கு யார் செலவு செய்வது என்பதுதான் என் கேள்வி.

மிச்சம் இருப்பது பெரும்பாலும் 470 முதல் 608 வரை. பெரிய நகரங்களில் அதிலும் தொலைக்காட்சி நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, ஏனென்றால் மேலே இருந்து விரட்டப்பட்டவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். 608 முதல் 614 வரை வானியல் ஆய்வுக்கும் மருத்துவமனைக் கருவிகளுக்கும், அதைத் தொடக் கூடாது, அது நியாயம். காலியாக ஒரு சேனல் கிடைத்தால் சாதாரண அனலாக் மைக் எட்டோ பத்தோ ஓட்டலாம். அதையும் சம இடைவெளியில் வைக்க முடியாது. 500இலும் 501இலும் இரண்டு மைக் வைத்தால், அவை கலந்து 499இலும் 502இலும் போலி சிக்னல் எழும்பும், அங்கே மூன்றாவது மைக்கை வைத்தால் தொலைந்தது. இந்தக் கணக்கெல்லாம் போட்டு உட்காரத் தன்னார்வலருக்கு எங்கே நேரம்?

அப்புறம் யோசனை சொல்கிறவர்கள். "2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் வாங்கிடுங்க, லைசென்ஸே வேண்டாம்." வைஃபையும் புளூடூத்தும் ஓடுகிற அதே இடம் அது. நானூறு போன் இருக்கும் அரங்கில் அதை நம்பி ஒரு அரங்கேற்றம் நடத்திப் பாருங்கள். "வயர் மைக் போடுங்க." பாடுகிறவருக்கும் நட்டுவனாருக்கும் வயர் மைக்தான் போடுகிறேன், அது என்றைக்கும் நல்லது. ஓடியாடி வசனம் பேசும் பத்து வயதுப் பிள்ளையின் காலில் வயரைச் சுற்றிவிடவா? "டிஜிட்டலுக்கு மாறுங்க." ஆமாம், நல்ல டிஜிட்டல் மைக் அதே ஆறு மெகாஹெர்ட்ஸில் இன்னும் அதிகம் ஓடும். 2024இல் ஒரே அகலமான அலைவரிசையில் பல மைக்குகளைச் சேர்த்து ஓட்டும் புதிய முறைக்கும் எஃப்.சி.சி. அனுமதி கொடுத்திருக்கிறது. தொழில்நுட்பம் அருமை. விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சென்னையிலிருந்து வரும் கலைஞர்களின் கஷ்டம் தனி. தன் முகத்துக்கும் குரலுக்கும் பழகிய ஹெட்செட் மைக்கைப் பெட்டியில் பத்திரமாகக் கொண்டு வருவார்கள். பின்னால் திருப்பிப் பார்த்தால் 600களிலோ 700களிலோ இருக்கும். "அண்ணா, எங்க ஊர்ல நல்லா ஓடுதே" என்பார்கள். இங்கே ஓட்டக் கூடாது என்று சொல்லி, பழக்கமில்லாத வாடகை மைக்கை நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னால் கன்னத்தில் ஒட்டிவிட வேண்டியிருக்கிறது. அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்தால் எனக்குத்தான் குற்ற உணர்ச்சி மாதிரி இருக்கும். எனக்கு எதற்கு அது?

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. பிரிட்டனில் செய்தார்கள். அங்கேயும் 800, பிறகு 700 என்று இரண்டு முறை மைக்காரர்களை வெளியேற்றினார்கள். ஆனால் இரண்டு முறையும் பழைய கருவியை ஒப்படைத்தால் மாற்றுக் கருவிச் செலவில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுக்கத் திட்டம் போட்டார்கள். 38ஆம் சேனலை நாடு முழுக்க மைக்குக்கு என்று ஒதுக்கி, சிறிய கட்டணத்தில் யாரும் லைசென்ஸ் எடுக்கலாம் என்று வைத்தார்கள். ஐம்பது மைக் இருக்கிறதா என்று யாரும் எண்ணவில்லை. இங்கே 1,980 கோடி டாலர் வசூலித்த ஏலத்தில், ஆளுக்கு நாலைந்து மைக் வைத்திருந்த பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் பாதி விலை கொடுக்க முடியாமல் போயிற்றாம்.

எனக்கு வேண்டியது மூன்று. அந்த 50 மைக் என்ற வரம்பை எடுங்கள், பொது நிகழ்ச்சி நடத்தும் எந்த அமைப்பும் தேதியும் இடமும் சொல்லி அலைவரிசையைப் பதிவு செய்ய முடிய வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சேனலையாவது மைக்குக்கு என்று விட்டு வையுங்கள். அடுத்த ஏலம் என்று ஒன்று வந்தால், முதல் நாளே மைக் வைத்திருப்பவர்களுக்கான தொகையை எடுத்து வைத்துவிட்டு ஏலத்தைத் தொடங்குங்கள்.

இங்கே இருக்கும் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும்: உங்கள் ரிசீவரின் பின்பக்கமும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி மூடிக்குள்ளும் அலைவரிசை எண் அச்சிட்டிருக்கும். 617 முதல் 652க்குள் அல்லது 663 முதல் 806க்குள் இருந்தால் எடுக்காதீர்கள், யாருக்கும் விற்கவும் செய்யாதீர்கள். புதிதாக வாங்குவதானால் 470 முதல் 608க்குள் ஓடுவதா என்று கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள். ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். மூன்றாவது முறையும் விரட்டினால் இந்தத் தடவை ரசீதோடு போய்க் கேட்போம்.