ரேம் எவ்வளவு என்று கேட்கிறோம், பேட்ச் தேதியைக் கேட்பதில்லை

தருமபுரி நாலு ரோடானாலும் சரி, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமானாலும் சரி, செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறவர்கள் கேட்பது நாலே கேள்வி. டிஸ்ப்ளே ஒரிஜினலா, பேட்டரி ஹெல்த் எவ்வளவு, ரேம் எத்தனை, பில் இருக்கா. ஐந்தாவதாக ஒன்று கேட்க வேண்டும்: செக்யூரிட்டி பேட்ச் (போனின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) எந்த மாதத்தோடு நிற்கிறது? கடைக்காரர்கள் இதை விலைச் சீட்டிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தெரியாத லிங்கைத் தொடாதே, ஏபிகே ஃபைலை (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) இன்ஸ்டால் செய்யாதே என்ற அறிவுரை எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே மோசடிக்கு அது போதும். ஆனால் படம், வீடியோ, ஆடியோ விஷயத்தில் நாம் தொடுவதற்கு முன்பே போன் அதைத் திறந்துவிடுகிறது. தம்ப்நெயில் வரைய வேண்டும், வீடியோ எத்தனை நிமிடம் என்று காட்ட வேண்டும், படம் நேராக எடுத்ததா சாய்த்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும், கேலரியில் வரிசைப்படுத்த வேண்டும். இதற்கெல்லாம் டிகோடர் (ஃபைலைப் பிரித்துப் படமாகவோ ஒலியாகவோ மாற்றும் பகுதி) ஃபைலுக்குள் இறங்கிப் படித்தாக வேண்டும். ஓட்டை அந்தப் படிக்கும் கோடிலேயே (புரோகிராம் வரிகளிலேயே) இருந்தால் நம் ஜாக்கிரதைக்கு அங்கே வேலையே இல்லை. ஜீரோ கிளிக் என்று சொல்வது இதைத்தான்.

ஓட்டை எப்படி உண்டாகிறது என்பதற்கு 2015-ல் வெளிவந்த ஸ்டேஜ்ஃபிரைட்டை விட நல்ல பாடம் கிடையாது. ஆண்ட்ராய்டில் மீடியா ஃபைல்களைப் படிக்கும் லைப்ரரியின் பெயர் அது. ஜிம்பீரியம் என்ற மொபைல் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோஷுவா டிரேக் அதில் ஒரு கொத்து ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும் என்ற நிலை. எம்பி4 ஃபைல் முழுக்கப் பெட்டிகளால் ஆனது. ஒவ்வொரு பெட்டியின் தொடக்கத்திலும் 4 பைட்டில் அதன் நீளம், அடுத்த 4 பைட்டில் அதன் வகை. அந்த நீளத்தைச் சொல்வது ஃபைல்தான். அதாவது, ஃபைலைத் தயாரித்தவர் மனசுக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுவிடலாம்.

சப்டைட்டில் எழுத்தை வைக்கும் பெட்டியில் நடந்தது இதுதான். ஏற்கெனவே படித்து வைத்த எழுத்து 1000 பைட் என்று வையுங்கள். அடுத்த பெட்டி தன் நீளம் 4,29,49,66,396 என்கிறது. இரண்டையும் கூட்டி அவ்வளவு இடம் ஒதுக்கு என்கிறது கோடு. 32 பிட் எண்ணில் 4,29,49,67,295-க்கு மேல் போக வழியில்லை, கூட்டல் சுழன்று பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். விடை 100. நூறு பைட்டுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பழைய 1000 பைட்டை அப்படியே அதில் காப்பி செய்கிறது. மண்டியில் நூறு கூடைக்கு இடம் விட்டு ஆயிரம் கூடையை இறக்கினால் பக்கத்துக்காரர் சரக்கு மேல்தான் கொட்டும். மெமரியில் அந்தப் பக்கத்து இடத்தில், அடுத்து எந்த ஃபங்ஷனுக்குப் போக வேண்டும் என்ற முகவரி இருக்கலாம். கொட்டுவது எதேச்சையான குப்பை என்றால் ஆப் கிராஷ் ஆகும், அத்தோடு தப்பித்தோம். கணக்குப் போட்டுக் கொட்டினால் பிராசஸர் தாக்குபவர் சொன்ன இடத்துக்குப் போய்விடும்.

இதற்கு வந்த முதல் பேட்ச்சே முழுசாக அடைக்கவில்லை. சிவிஇ-2015-3864 என்று தனி எண் (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) கொடுத்து மறுபடி அடைத்தார்கள். கூட்டலுக்கு முன் ஒரு ஒப்பீடு போடுவது கேட்க எளிது. எந்த மாறி 32 பிட், எது 64 பிட் என்று பார்க்காமல் போட்டால் அந்த ஒப்பீடே பொய் சொல்லும்.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் ஆப்பிள் படங்களைத் திறக்கும் தன் இமேஜ்ஐஓ-வில் அடைத்த சிவிஇ-2025-43300 இதே குடும்பம்தான். அது டிஎன்ஜி படம், அதாவது கேமராவின் மூலப் படத்தை வைக்கும் ஃபைல் வகை. ஒரு பிக்சலுக்கு எத்தனை கலர் மதிப்பு என்பது டிஎன்ஜியில் இரண்டு இடத்தில் எழுதப்படும், வெளிக்கூடான டிஃப் பகுதியில் ஒரு முறை, உள்ளே தரம் குறையாமல் சுருக்கி வைத்திருக்கும் லாஸ்லெஸ் ஜேபெக் பகுதியில் ஒரு முறை. ஓரிடத்தில் 2, இன்னோர் இடத்தில் 1 என்று முரண்பட எழுதினால் டிகோடர் ஒன்றை நம்பி இடம் ஒதுக்கி, மற்றதை நம்பி எழுதிக்கொண்டே போகும். நல்ல படம் ஒன்றில் வெறும் இரண்டு பைட்டை மாற்றினாலே போதும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாம்சங்கின் பட டிகோடரில் இருந்த சிவிஇ-2025-21042-ம் டிஎன்ஜி வழியாகத்தான் பயன்பட்டது. லேண்ட்ஃபால் என்ற உளவு மென்பொருள் அந்த வழியில் உள்ளே போனதை பாலோ ஆல்டோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 குழு 2025 நவம்பரில் வெளியிட்டது. அந்த ஃபைல்களின் பெயர் வாட்ஸ்அப் படம் மாதிரி, கடைசியில் ஜேபெக் என்றே இருந்தது. டிகோடர் பெயரைப் பார்க்காது, ஃபைலின் முதல் சில பைட்டைப் பார்த்துத்தான் வகையை முடிவு செய்யும். ஆகவே ‘ஜேபெக்தானே’ என்று நாம் தேறுதல் அடைவதில் அர்த்தமில்லை.

நம்மூர் தக்காளி மண்டிக்காரரை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. புதிதாகக் கண்டுபிடித்த ஜீரோ கிளிக் ஓட்டை பெரும் விலை போகும் சரக்கு. அதைப் பத்திரிகையாளர், அரசியல்வாதி மேல் செலவழிப்பார்களே தவிர பாலக்கோட்டில் வீணாக்க மாட்டார்கள். ஆனால் பேட்ச் வெளியான நாளிலிருந்து அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. பேட்ச்சுக்கு முந்தைய கோடு, பிந்தைய கோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று படித்துவிடலாம். அதற்குப் பிறகு மாட்டுவது அப்டேட் நின்றுபோன போன்கள். அப்படிப்பட்ட போன்கள் கைமாறி வந்து சேருவது நம் மாதிரி ஊர்களின் கடைகளுக்குத்தான்.

சரி, பார்ப்பது எப்படி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், ஆண்ட்ராய்டு வெர்ஷன். சாம்சங்கில் அபவுட் ஃபோனுக்குள் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன். அங்கே செக்யூரிட்டி பேட்ச் லெவல் என்று ஒரு தேதி இருக்கும். கடைசியில் 01 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிகள் மட்டும் அடைபட்டவை, 05 என்றால் கர்னலும் (சிஸ்டத்தின் அடிப்படைக் கரு) சிப் நிறுவனங்களின் பகுதிகளும் சேர்ந்தவை. சாம்சங்கில் மேலே சொன்ன ஓட்டை 2025 ஏப்ரலில் அடைபட்டது, அதே லைப்ரரியில் இன்னொன்று செப்டம்பரில். எனவே 2025 செப்டம்பருக்கு முந்தைய தேதியோடு நிற்கும் சாம்சங்கை அப்டேட் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் விலையில் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பழைய ஐபோனுக்கு ஒரு நல்ல செய்தி: அந்த டிஎன்ஜி ஓட்டையை ஆப்பிள் பின்னோக்கியும் அடைத்தது. 6எஸ், 7-க்கு ஐஓஎஸ் 15.8.5, 8, எக்ஸுக்கு 16.7.12. அந்த எண்ணோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் ஆட்டோ டவுன்லோடு மூன்று வரியிலும் டிக்கை எடுங்கள், பிரைவசிக்குள் குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை மை கான்டாக்ட்ஸ் என்று வையுங்கள். இது ஓட்டையை அடைக்காது, தானாக நுழையும் ஃபைலைக் குறைக்கும், அவ்வளவே.

இதைவிட முக்கியமான ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை. ஓட்டையுள்ள கோடு சிஸ்டத்தில் மட்டும் இல்லை, ஆப்புகள் தங்களுக்கென்று ஒரு பிரதியைச் சுமக்கின்றன. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் சிவிஇ-2023-4863 வந்தபோது குரோம், ஃபயர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்டேட் விட வேண்டியிருந்தது. ப்ளே ஸ்டோரோ சாதாரணமாக வைஃபையில்தான் ஆப்பை அப்டேட் செய்யும். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமத்தில் எத்தனை வீட்டில் வைஃபை இருக்கிறது? தினசரி 1.5 ஜிபி பேக்கிலேயே வாழும் போனில் அப்டேட்கள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்கும். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் நெட்வொர்க் பிரிஃபரன்ஸ் போய் மொபைல் டேட்டாவையும் அனுமதியுங்கள். இரவு மீதமிருக்கும் டேட்டா அதற்குப் போகட்டும். ஸ்டோரேஜ் நிறைந்திருந்தாலும் ஏறாது, குட்மார்னிங் படங்களை முதலில் கழியுங்கள்.

ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபோன் படங்களைத் திறக்க விண்டோஸில் போட்டிருக்கும் ஹீஃப் எக்ஸ்டென்ஷன் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக அப்டேட் ஆகிறது. விண்டோஸ் அப்டேட் பச்சை டிக் காட்டினாலும் இது பழசாகவே கிடக்கலாம். ஸ்டோரைத் திறந்து டவுன்லோட்ஸ் (பழைய பதிப்பில் லைப்ரரி) பகுதியில் அப்டேட் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். பென்டிரைவ் போல்டரைத் திறந்தாலே தம்ப்நெயிலுக்காக டிகோடர் ஓடும் என்பதால், வாடிக்கையாளர் படம் வரும் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வேண்டாம்.

நிரந்தர மருந்து பாதுகாப்பான மொழியில் திரும்ப எழுதுவது. ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற அத்தகைய மொழிகளுக்கு மாற்றியதில், மெமரி தொடர்பான ஓட்டைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 ஆக இறங்கியதாக கூகுள் கணக்குக் கொடுத்தது. நல்லது. ஆனால் கடை ஷோகேஸில் இருக்கும் போனுக்கு அது வந்து சேராது.

‘ஃபார்மட் போட்டுத்தான் சார் கொடுக்கிறோம், புதுசு மாதிரி’ என்று கடையில் சொல்வார்கள். தகவலை அழிப்பதற்கு அது சரி. பாதுகாப்புக்கு நேர் எதிர். ஃபேக்டரி ரீசெட் செய்தால் குரோம், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ, மெசேஜஸ் போன்ற கூடவே வந்த ஆப்புகளின் அப்டேட்கள் எல்லாம் அழிந்து பழைய பதிப்புக்குத் திரும்பும். கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட் வழியாக வந்த மீடியா பகுதிகளும் அப்படியே. அதனால் சிம்மைப் போட்டு வாட்ஸ்அப்பை ஏற்றுவதற்கு முன் சிஸ்டம் அப்டேட், ப்ளே சிஸ்டம் அப்டேட், பிறகு ப்ளே ஸ்டோரில் அப்டேட் ஆல். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இன்னொரு அப்டேட் காத்திருக்கிறதா என்று பார்த்து, ‘அப் டு டேட்’ என்று வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.