"சும்மா விளையாடிட்டு இருக்கான்"னு இனிமே யாரும் சொல்லாதீங்க

வெள்ளிக்கிழமை ப்ளேஸ்கூல்ல நடந்ததை அன்னைக்கே சுருக்கமா போட்டிருந்தேன். நிறைய பேர் இன்பாக்ஸ்ல வந்து "விட்டுத்தள்ளு, பெருசு பண்ணாத"ன்னு சொன்னீங்க. விட முடியல. மூணு நாளா அங்க மிஸ் என் சின்னவனைப் பத்தி சொன்னது தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. "வீட்ல பாட்டி கூட சும்மா விளையாடிட்டே இருக்கான்ல, அதான் பேச்சு வரல." இதை என்கிட்ட சொல்லியிருந்தா கூட பரவால்ல, என் அம்மா பக்கத்து சேர்ல உக்காந்திருக்கும்போது, அவங்க முகத்தைப் பார்த்தே சொன்னாங்க.

சின்னவனுக்கு 22 மாசம் ஆகுது. மிஸ் நாய் படம் போட்ட கார்டை நீட்டி "வாட் இஸ் திஸ்"னு கேட்டாங்க. இவன் கார்டைப் பார்த்து கையை ஆட்டி "தோ தோ வா"ன்னு கூப்பிட்டான். மிஸ் ஃபார்ம்ல "நோ ரெஸ்பான்ஸ்"னு எழுதினாங்க. நாயைப் பார்த்த குழந்தை நாயைக் கூப்பிடுது, ரெண்டு வார்த்தையைச் சேர்த்துக் கூப்பிடுது. ரெண்டு வயசு முடியுறப்ப குழந்தை ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசணும்னு தான் டாக்டருங்க எதிர்பார்க்குறாங்க. அதை என் புள்ள அதுக்கு முன்னாடியே செய்யுறான், தமிழ்ல செஞ்சதால அது பேச்சே இல்லைன்னு ஆயிடுச்சு.

அந்த "தோ தோ வா" எங்கேருந்து வந்துச்சு? தினமும் சாயங்காலம் என் அம்மா அவனை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு தெருநாயைக் கூப்பிட்டு பிஸ்கட் போடுவாங்க, அங்கேருந்து வந்துச்சு. அவங்க விளையாடுறது சும்மா இல்லைங்க. திரும்பத் திரும்ப இதையே சொல்றேன்னு நினைச்சாலும் பரவால்ல, அது சும்மா இல்ல.

பருப்பு கடையுற விளையாட்டையே எடுத்துக்கோங்க, நம்ம எல்லாரும் விளையாடுனது தான். குழந்தையோட உள்ளங்கையை விரிச்சு முழங்கையால கடைஞ்சு, ஒவ்வொரு விரலா மடக்கி "அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அக்காவுக்கு"ன்னு ஊட்டிட்டு, அப்புறம் நண்டு ஊருது நரி ஊருதுன்னு கை மேல ஊர்ந்து போய் அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டுறது. அதுல ஒவ்வொரு விரலுக்கும் ஒரு "க்கு" வருது பாருங்க, அதைத் தான் ஸ்கூல்ல நாலாம் வேற்றுமைன்னு நமக்கு சொல்லிக் கொடுத்தாங்க. என் புள்ள அதை விரல்ல கத்துக்கிட்டான். இப்ப எதை எடுத்தாலும் "தாத்தாக்கு"ன்னு நீட்டுறான். இன்னொரு விஷயம், அம்மா கிச்சுகிச்சு மூட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அவன் மூஞ்சியைப் பார்ப்பாங்க. அவன் "ஊது ஊது"ன்னு கத்துவான், ஊருதுங்குறது அவன் வாயில அப்படி வருது, கத்தினப்புறம் தான் விரல் நகரும். அவன் முறைக்காக அவங்க காத்திருக்காங்க. எந்த வீடியோவும் அப்படி உங்க குழந்தைக்காகக் காத்திருக்காது.

கண்ணாமூச்சி விளையாடினா எங்க, இங்க, அங்க. பந்து விளையாடினா போடு, எடு, பிடி, குடு. நம்ம பாஷையில வினையோட வேர்ச்சொல்லே கட்டளையா நிக்குது, ஒட்டு எதுவும் சேர்க்க வேண்டாம், அதனால சின்ன வாய்க்கு அது சீக்கிரம் வருது. சொப்பு சாமான் வச்சு விளையாடினா சூடு, ஊது, வேணும், போதும். துணி மடிக்கிறப்ப "இது யாரோட சட்டை?"ன்னா "அப்பாவோட". இதுல எதுக்கும் காசு ஆகல.

மிஸ் கொடுத்த தீர்வு என்ன தெரியுமா, அவங்க அனுப்புற ரைம்ஸ் வீடியோவை தினம் ஒரு மணி நேரம் போட்டு விடணுமாம். ரெண்டு வயசுக்குள்ள ஸ்கிரீனே வேண்டாம்னு இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லியிருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீன் வேண்டாம், ரெண்டு வயசுலேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு இருக்கு. அமெரிக்காவுல சியாட்டில்ல பட்ரீசியா கூல்னு ஒரு ஆராய்ச்சியாளர் 9 மாசக் குழந்தைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2003ல வெளியிட்டாங்க. ஒரு குரூப்புக்கு சீன மொழி பேசுறவங்க நேர்ல உக்காந்து 12 தடவை கதை படிச்சு விளையாடினாங்க, இன்னொரு குரூப்புக்கு அதே ஆளுங்களை டிவியில காட்டினாங்க. நேர்ல விளையாடின குழந்தைங்க அந்த மொழியோட ஒலியைப் பிரிச்சு உணர்ந்தாங்க, டிவி பார்த்த குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஏறல.

இதை நான் படிச்சு மட்டும் சொல்லல, பட்டுட்டு சொல்றேன். பெரியவ 2019ல பிறந்தா. லாக்டவுன்ல நாங்க ரெண்டு பேரும் வீட்லேருந்து வேலை பார்த்தோம், அம்மா ஊர்லேருந்து வர முடியல, அவ கையில ஃபோன். ஏபிசிடி மொத்தமும் பாடுவா, நிறமெல்லாம் சொல்லுவா, எங்களுக்கு அவ்வளவு பெருமை. ஆனா தண்ணி வேணும்னா கேக்கத் தெரியாது, என் கையைப் பிடிச்சு ஃபிரிட்ஜ் கிட்ட இழுத்துட்டுப் போவா. ரெண்டே கால் வயசுல அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். முதல்ல காது டெஸ்ட் எடுத்தாங்க, அது சரியா இருந்துச்சு. அப்புறம் ஸ்பீச் தெரபி பார்க்குறவங்க கேட்ட முதல் கேள்வி, "பாப்பா கூட என்ன விளையாடுவீங்க?" எனக்கு பதில் சொல்லத் தெரியல. அந்த ரூம்ல நான் அழுத அழுகை எனக்குத் தான் தெரியும். அவங்க புதுசா எதையும் சொல்லல. தரையில உக்காருங்க, கண்ணுக்கு நேரா இருங்க, சோப்பு நுரை ஊதி விடுங்க, அவ கேக்குற வரைக்கும் அடுத்த தடவை ஊதாம மனசுக்குள்ள பத்து எண்ணுங்கன்னாங்க. அந்தப் பத்து எண்ணுறது எவ்வளவு நீளம்னு செஞ்சு பார்த்தா தான் தெரியும். அவ வாயைத் திறந்து கேக்க எட்டு மாசம் ஆச்சு.

உடனே ஒருத்தர் வருவீங்க, "எல்லாத்துக்கும் ஃபோன் மேலயே பழி போடாதீங்க"ன்னு. போடல. காது கேக்காம இருக்கலாம், ஆட்டிசமா இருக்கலாம், எதுவுமே இல்லாம லேட்டா பேசுற குழந்தையும் இருக்கு. சந்தேகம் இருந்தா பாட்டி சொன்னாங்க, பக்கத்து வீடு சொன்னாங்கன்னு உக்காந்திருக்காம டாக்டர்கிட்ட போங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மெடிக்கல் காலேஜ்ல இருக்கிற ஆரம்ப கால இடையீட்டு மையத்துல (குழந்தை வளர்ச்சியில தாமதம் இருக்கான்னு பார்க்குற இடம்) காசு வாங்காமப் பார்ப்பாங்க.

"ரெண்டு மொழி பேசினா குழம்பிடும்"னு சொல்றவங்களுக்கு, குழம்பாதுங்க, ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சு தாமதம் ஆகுறதில்ல. "அப்ப இங்கிலீஷே வேண்டாமா"ன்னு கேக்காதீங்க, நான் அப்படிச் சொல்லவே இல்ல, என் வேலையே இங்கிலீஷ்ல தான். "எங்க பொண்ணு கார்டு பார்த்து ஐம்பது மிருகம் சொல்லுவா"ன்னா சந்தோஷம், என் பெரியவளும் சொன்னா, தண்ணி கேக்கல.

"நீ ஈஸியா சொல்லுவ, உனக்கு அம்மா கூட இருக்காங்க, நாங்க வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வர்றோம்"னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அது நியாயம், அதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. குளிப்பாட்டுறப்ப, வெங்காயம் உரிக்கிறப்ப பேசுங்க, அதுவும் கணக்கு தான்னு மட்டும் தான் சொல்ல முடியுது. அதைச் செய்யக் கூட தெம்பு இல்லாத ராத்திரி எனக்கும் இருந்திருக்கு.

ஆனா என் அம்மாவைச் சொன்னது மட்டும் ஆற மாட்டேங்குது. பிள்ளைத்தமிழ் பாடினவங்க குழந்தை கை தட்டுறதுக்கு சப்பாணின்னு ஒரு பருவம், நிலாவை விளையாடக் கூப்பிடுறதுக்கு அம்புலின்னு ஒரு பருவம் வச்சுப் பத்துப் பத்துப் பாட்டா பாடியிருக்காங்க. அவ்வளவு பெரிய விஷயமா நம்ம ஆளுங்க நினைச்சதைத் தான் என் அம்மா பேர் வைக்காம தினமும் வீட்ல செய்யுறாங்க. எட்டாவது வரைக்கும் தான் படிச்சாங்க. என்னைப் பேச வச்சது அவங்க, இன்னைக்கு நான் மீட்டிங்ல நின்னு பேசுற பேச்செல்லாம் அந்தக் கையிலேருந்து வந்தது தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சின்னவன் வழக்கம் போல உள்ளங்கையை விரிச்சு அவங்க முன்னாடி நீட்டினான். அம்மா அவன் கையைப் பிடிக்காம என்னைப் பார்த்து, "செய்யலாமாடி?"ன்னு கேட்டாங்க.

நாளைக்கு லீவு போட்டுட்டு அந்த ஸ்கூலுக்குப் போறேன், சண்டைக்கு இல்ல, அந்த ஃபார்ம்ல எழுதினதை மாத்தச் சொல்லிக் கேக்க. அம்மாவையும் கூப்பிட்டேன். "நான் எதுக்குடி, எனக்கு அங்க என்ன பேசத் தெரியும்"ங்குறாங்க.