கேட்டில் பத்து நிமிடம் நின்றதற்கா இவ்வளவு?

இங்கே ஆஸ்திரேலியாவில் ஒரு அண்ணன் எடுத்துப் போட்ட ரயில்வே கேட் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாளாக அடக்கிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. கோதுமை ரயில் ஊர்ந்து போகிறது, அண்ணனின் கார் பத்து நிமிடம் நிற்கிறது, பின்னால் ஒரு காமெடி வசனம். 'மியூசியத்தில் வைக்க வேண்டிய ரயில்' என்று தலைப்பு வேறு. நானூறு சிரிப்பு.

குற்றம் ரயில் மேல் இல்லை. தண்டவாளத்தின் மேல்.

ஆஸ்திரேலியாவின் கிழக்கு மாநிலங்களில் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம், மூன்று விதம். விக்டோரியா 1600 மில்லிமீட்டர், நியூ சவுத் வேல்ஸ் 1435, குயின்ஸ்லாந்து 1067. 1850களில் சிட்னிக்காரர்கள் முதலில் 1600 என்றார்கள். அதை நம்பி மெல்போர்ன்காரர்கள் எஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு, சிட்னிக்குப் புது எஞ்சினியர் வந்து 1435 என்று மாற்றிவிட்டார். அந்தக் கூத்துக்கு இன்றுவரை கோதுமை வாடகை கட்டுகிறது. விக்டோரியாவில் கோதுமை போகும் மில்துரா பாதையை 2018இல்தான் 1435க்கு மாற்றினார்கள். 44 கோடி டாலர் திட்டம். சீ லேக், மனங்கடாங் பாதைகளைத் தொடாமலே பணம் தீர்ந்தது. பழைய பாதையில் வெயில் ஏறினால் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். டிரைவர் என்ன, தூங்கிக்கொண்டா ஓட்டுகிறார்?

'லாரி போதுமே' என்கிறார்கள். லாரி வயலுக்கே வரும், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு ரயிலில் போவது சுமார் 2,000 டன். அதை ஐம்பது லாரியில் ஏற்றி உங்கள் காருக்கு முன்னால் விடட்டுமா? அப்போதும் வீடியோதானே எடுப்பீர்கள்?

படிக்க வந்த வருடம் விக்டோரியாவின் விம்மெராப் பக்கம், கோதுமையைச் சேர்த்துவைக்கும் ஒரு சைலோவில் ஆறு வாரம் வேலை பார்த்தேன். லாரி வந்து நின்றதும் மேடையேறி, கோதுமைக்குள் குழாயைக் குத்தி சாம்பிள் எடுக்க வேண்டும். ஈரப்பதம் 12.5 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பெரியவரின் லோடு 12.8 காட்டியது. வாயே திறக்கவில்லை, தொப்பியைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். ராத்திரி ரயில் வரும். வேகன் வேகனாக நிரப்பி முடிக்கும்போது மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும். லீவு நாளில் முர்ட்டோவா ஷெட்டைப் பார்க்கப் போனேன். போர்க்காலத்தில், 1941-42இல், கப்பலேற வழியில்லாத கோதுமையைக் கொட்டிவைக்கக் கட்டியது. 560 மரத்தூண்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

இதைக் கமெண்டில் சொன்னதற்குத்தான் ஒருவர், 'ஓ, மூட்டை தூக்கின ஆளா நீங்க' என்றார். மூட்டை தூக்கியிருந்தால்தான் என்ன? சைலோ வருவதற்கு முன் இங்கே எல்லாமே மூட்டைதான். ஒவ்வொன்றும் எண்பது கிலோவுக்கு மேல். அதைத் தோளில் தூக்கி வேகனில் அடுக்கியவர்களால்தான் ரயில் ஓடியது. அந்தச் சாக்குகூட வங்காளத்துச் சணல், கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தது. இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, சார். ரொட்டி கடையில்தானே கிடைக்கிறது.

என்னை ரயில்வே ஏஜென்ட் என்றவருக்குப் பதில் கிடையாது. பிளாக் பண்ணிவிட்டேன். 'சும்மா ஜாலிக்குப் போட்டதுப்பா' என்று இன்பாக்ஸில் வந்த அண்ணனுக்கு மட்டும் ஒன்று: வீடியோவில் 38 வேகன் என்று எண்ணிச் சொல்கிறீர்கள். நான் மூன்று முறை பார்த்தேன். 40.