தும்பைக்குக் காது கேட்காது

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். குட்டி விற்கிறவர்கள் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. நீளமான பதிவுதான், ஆறு மாதமாக மனசுக்குள் கிடந்தது.

ஜூன் கடைசி. சாரல் பிடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. எங்க வீட்டுக்காரர் புனலூரில் லோடு இறக்கிவிட்டுக் குட்டியானை வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தார். கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவு இறக்கத்தில், தடுப்புச் சுவர் ஓரமாக ஒரு அட்டைப்பெட்டி. மழையில் ஊறிப்போன பெட்டியைக் குரங்கு ஒன்று பிய்த்துக்கொண்டிருந்ததாம். உள்ளே மூன்று குட்டிகள். இரண்டு விறைத்துக் கிடந்தன. மூன்றாவதைத் தலைத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் வண்டி ஓட்டி எங்க ஊர் புளியரைக்கு வந்து சேர்ந்தார்.

ராஜபாளையம் குட்டி, பால் வெள்ளை. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. மூக்கு ரோஸ். ஆறு வாரக் குட்டி என்று டாக்டர் சொன்னார். "ஏளா, தும்பைப்பூ கணக்கா இருக்கு பாரு" என்று அத்தை சொன்னார்கள், அதுவே பெயராகிவிட்டது.

இதற்கு முன்னாலும் தெருவில் கிடந்த குட்டிகளை எடுத்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறோம். ஃபாஸ்டர் என்று இப்போது பேர் சொல்கிறார்கள். எங்க ஊரில் "ஆள் கெடைக்கிற வரைக்கும் வச்சிருக்கோம்", அவ்வளவுதான். தும்பையும் அப்படி ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருப்பாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தாள். குக்கர் மூன்று விசில் விட்டது. காது மடல்கூட அசையவில்லை. நான் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன், கரண்டியால் தட்டில் தட்டினேன், ஒன்றுமில்லை. ஆனால் கையிலிருந்த தட்டு நழுவித் தரையில் விழுந்ததும் துள்ளி எழுந்தாள். அதைப் பார்த்து "கேட்குது, கேட்குது" என்று மகன் குதித்தான். கேட்கவில்லை. தரை அதிர்ந்தது அவள் வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கதவை அறைந்து, காலைத் தரையில் உதைத்துச் சோதிக்கக் கூடாது. குட்டி தூங்கும்போது, காற்றும் நிழலும் அதன் மேல் படாத தூரத்தில் நின்று சத்தம் எழுப்ப வேண்டும். கூடப் பிறந்த குட்டிகள் இருந்தால் எல்லாம் எழுந்து ஓடும்போது ஒன்று மட்டும் தூங்கும்.

"ஏளா, இது செவிட்டு மூதியால்லா இருக்கு" என்றார்கள் அத்தை. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். மனுசங்களைத் திட்டத் திட்ட அழுக்கேறிப்போன சொல் அது.

இது ஏன் வருகிறது என்று அப்புறம் தேடிப் படித்தேன். காதுக்குள் நத்தைச் சுருள் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய திசு உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் வேண்டும். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அதே செல்கள்தான். முடியை வெள்ளையாக்கும் மரபணு சில குட்டிகளுக்குக் காதுக்குள்ளும் அந்தச் செல்களைப் போகவிடாமல் செய்துவிடுகிறது. பிறந்த சில வாரங்களில் அந்தத் திசு சுருங்கி, ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் செத்துவிடும். செத்தது திரும்பாது. சொட்டு மருந்துக்கோ எண்ணெய்க்கோ அங்கே வேலை இல்லை. அந்தக் குட்டி காதில் வெங்காயச் சாறு பிழிந்து வேதனைப்படுத்தாதீர்கள்.

வெள்ளை நாய் எல்லாவற்றுக்கும் காது கேட்காது என்று நான் சொல்லவில்லை. காதுக்குள் நிறமி இருக்கும் வெள்ளை நாய்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத நாயும் உண்டு, அது வெளியே தெரியவே தெரியாது. கூப்பிட்டால் வரும், சத்தம் கேட்டால் குரைக்கும், அதை இனத்துக்கும் விடுவார்கள். அதன் குட்டிகளில் இரண்டு காதும் கேட்காதது பிறக்கலாம். அமெரிக்காவில் இதைப் பல வருடம் ஆராய்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் கணக்குப்படி, சோதித்த டால்மேஷன் இன நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. தலையில் சின்ன ஊசிமுனைகளை வைத்து, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆறு வாரக் குட்டிக்கே செய்யலாம், ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்லிவிடும்.

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊர் நாய். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனால்தான் வயிறு எரிகிறது. "ஒரு புள்ளி இல்லாத வெள்ளை வேணும், ரோஸ் மூக்கு வேணும்" என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோம். இரண்டும் சரியாக அமைந்த குட்டிக்கு ஒரு விலை, காது பக்கம் லேசாகப் பழுப்பு தட்டினால் பாதி விலை. பணம் கொடுத்து அந்த வெள்ளையைக் கேட்டது நாம். அந்த வெள்ளையோடு காதும் போன குட்டியை மலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அங்கே வந்து பெட்டியைத் திறக்கிறது குரங்கு.

ஒரு பிராணியைப் பட்டினி கிடந்து சாகும்படி கைவிடுவது 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

சரி, தும்பை. எங்க வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாஷை ஓடும். அத்தை பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது, 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு, இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. அவர்களுக்குக் கோபம் மலையாளத்தில் வரும், கொஞ்சல் தமிழில் வரும். இனி மூன்றாவதாகக் கை பாஷை.

முதலில் கற்றுக்கொடுத்தது உட்காருவதையோ கை கொடுப்பதையோ இல்லை, எங்கள் முகத்தைப் பார்ப்பதை. அவளாகத் திரும்பி யார் முகத்தையாவது பார்த்தால் உடனே கட்டைவிரலை உயர்த்துவோம், ஒரு துணுக்கு அவித்த ஈரல் கொடுப்போம். ஒரு வாரத்தில், எதை மோந்துகொண்டிருந்தாலும் நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து எங்களைத் தேட ஆரம்பித்தாள். காது கேட்கிற நாயைக் கூப்பிட்டுத் திருப்பலாம். இவளோ தானாகத் திரும்பினால்தான் உண்டு, மற்ற பாடமெல்லாம் அதற்கப்புறம்.

தும்பை என்ற பெயர் எங்களுக்குள் பேசிக்கொள்ள. அவள் பெயர், கன்னத்தில் இரண்டு விரலால் தட்டுவது. உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார். கை விரித்து நெஞ்சுக்கு இழுத்தால் வா. டிராஃபிக் போலீஸ் மாதிரி கை காட்டினால் நில். இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் தீர்ந்துவிட்டது, இனி ஈரல் இல்லை. மகன் மட்டும் உட்காரச் சொல்ல ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருந்தான், அதில் இரண்டு வாரம் வீணாகப்போனது. அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கம் பதினோரு சைகையையும் படமாக வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அத்தைக்குக் கை வீசாமல் பேச வராது. பக்கத்து வீட்டு வழக்கைச் சொல்லிக்கொண்டு கையைத் தூக்கினால் தும்பை உட்காருவாள், விரித்தால் எழுந்து போவாள். பாவம், அத்தை அவள் முன்னால் கையை மடியில் கட்டிக்கொண்டு பேசப் பழகினார்கள். எழுபத்திரண்டு வயதில்.

காது கேட்காத நாய் கடிக்கும் என்று பயமுறுத்தினார்கள். நடப்பது வேறு. தூக்கத்தில் திடீரென்று தொட்டால் எந்த உயிரும் பதறும், காலடிச் சத்தம் கேட்காத உயிர் இன்னும் பதறும். அதனால் தூங்கும்போது மூக்குப் பக்கம் கையை நீட்டி வாசனை போக விட்டோம், பிறகு தோளில் ஒரு விரலால் தொட்டோம், கண் திறந்ததும் ஈரல். மூன்று வாரம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. இப்போது யார் தொட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டே எழுகிறாள்.

விளையாட்டுக் கடிதான் பெரும்பாடு. குட்டிகள் ஒன்றையொன்று கடிக்கும்போது எதிராளி "கீச்"சென்று கத்துவதைக் கேட்டுத்தான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று படிக்கின்றன. இவளுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. என் முன்னங்கை முழுக்கப் பல் தடம். கடித்த மாத்திரத்தில் விளையாட்டை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஐந்து எண்ணும் நேரம் போதும். அதற்கு மேல் வேண்டாம். நம் முகம்தான் அவளுக்குக் குரல், அதைத் திருப்பிக்கொண்டால் வீடே அவளோடு பேசாமல் போன மாதிரி. அதே காரணத்தால் இந்த நாயைக் கையால் அடிக்கவே கூடாது. பேசுகிற கையும் அடிக்கிற கையும் ஒன்றாக இருந்தால் அது எந்தக் கையை நம்பும்? ஆன்லைனில் ஷாக் அடிக்கிற பெல்ட் விற்கிறார்கள். அதிர்வு மட்டும் தருவது வேறு, இது வேறு. ஷாக் பெல்ட்டைத் தொடாதீர்கள்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் வாசல் கேட்டின் கொண்டியைச் சரியாகப் போடவில்லை. எங்க வீட்டிலிருந்து பார்த்தால் கொல்லம் ரோடு. தும்பை வெளியே ஓடி நடு ரோட்டில் பறக்கிற ஒரு பிளாஸ்டிக் பையைத் துரத்திக்கொண்டிருந்தாள். செங்கோட்டைப் பக்கமிருந்து லாரி வருகிறது, ஆரன் அடிக்கிறது. நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், "தும்பை, தும்பை" என்று. யாருக்குக் கத்தினேன்? அவளுக்குக் கேட்காது என்று ஊருக்கே சொன்னவள் நான்தான். லாரி நாலு அடி தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, "சேச்சி, இதினு செவி கேக்கில்லே?" என்றார். முதல் பார்வையிலேயே அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது. திட்டவில்லை. அதற்கு நான் இன்னும் அழுகிறேன்.

அன்றிலிருந்து கேட்டுக்கு இரண்டு கொண்டி. வெளியே போனால் எப்போதும் கயிறு, திறந்த வெளியில் இருபது அடி நைலான் கயிறு. கழுத்தில் ஒரு சலங்கை, அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குக் கேட்பதற்காக. பெல்ட்டில் "எனக்குக் காது கேட்காது" என்று எழுதிய வில்லை.

கரண்ட் போனால் அவளுக்கு எல்லாமே போய்விடும், கையும் தெரியாது, முகமும் தெரியாது. சாரல் காலத்தில் இங்கே அது அடிக்கடி. அதனால் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் இரண்டு தடவை அடித்தால் "வா" என்று பழக்கினோம் (கண்ணில் அடிக்கக் கூடாது, லேசர் புள்ளியும் கூடாது, அதைத் துரத்தியே நாய்க்குப் பித்துப் பிடிக்கும்). இது தீபாவளியில் போய் முடிந்தது. தெருவில் மற்ற நாயெல்லாம் வெடிச் சத்தத்துக்குக் கட்டில் அடியிலும் கக்கூஸிலும் ஒளிந்து நடுங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஜன்னலில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் என்னிடம் ஓடி வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள். நூறு தடவையாவது வந்திருப்பாள். வந்தவளை ஏமாற்ற மனசு வரவில்லை. கடைசியில் ஈரல் தீர்ந்து இட்லியைப் பிய்த்துக் கொடுத்தேன்.

இப்போது அவளுக்கு வீடு தேடுகிறோம். "இவ்வளவு கற்றுக்கொடுத்துவிட்டு ஏன் கொடுக்கிறீர்கள்" என்று கேட்கிறார்கள். எங்க வீட்டில் இடம் ஒன்றுதான், அடுத்த பெட்டி எப்போது வரும் என்று தெரியாது. மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் குட்டி போட வைக்கலாமா என்று கேட்டார், அப்படியே அனுப்பிவிட்டேன். அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடியாமல் எங்கேயும் போக மாட்டாள்.

தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டது, வெறிநாய்க்கடி ஊசி உட்பட. நான் கேட்பது: சுற்றுச்சுவர் உள்ள வீடு, பகலில் வீட்டில் ஒரு ஆள், ஏற்கெனவே சாதுவான நாய் ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது, அதைப் பார்த்து இவள் நடந்துகொள்வாள். வீட்டில் இருக்கும் எல்லோரும், சின்னப் பிள்ளைகள் உட்பட, பதினோரு சைகையும் ஒரே மாதிரி பழக வேண்டும். காலண்டர் தாளைக் கொடுத்துவிடுகிறேன். முதல் இரண்டு நாள் நானே வந்து கூட இருந்து காட்டித் தருகிறேன். அத்தையும் வருவார்களாம், எனக்கு உட்காரச் சொல்லும் கை சரியாக வராது என்கிறார்கள்.