அவரிடம் யாராவது கேட்டீர்களா?

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பக்கவாதம் வந்த பெரியவர் பயிற்சிப் பந்தைத் தூக்கி எறிகிறார், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். மேலே 'குழந்தை மாதிரி அடம்' என்று எழுதியிருக்கிறது. நர்ஸ் வேலை பார்க்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. மகன் பேசுகிறார், மருமகள் பேசுகிறார், பயிற்சி கொடுப்பவர் பேசுகிறார். அவரிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவருக்குத்தான் பேச்சு வராதே" என்று ஒரு கமெண்ட். பேச்சு போனால் புத்தியும் போய்விடுமா? 1861லேயே பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் எழுதி வைத்தார். 'டான்' என்ற ஓசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் வாயில் வராத நோயாளிக்கு, மற்றவர்கள் பேசியது பெரும்பாலும் புரிந்தது.

எங்கள் வார்டில் பக்கவாதத்தில் பேச்சு போன ஓர் அம்மா இருந்தார். தண்ணீர் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார். விழுங்குவதில் சிக்கல் இல்லை, சோதித்தாயிற்று. கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியும் ஆயிற்று. மகனை வெளியே அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்து, தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி சின்னச் சின்னதாகக் கேட்டேன். பேச்சு போனவர்களுக்குச் சில நேரம் ஆமாம், இல்லை மாறிப்போகும்; அதனால் ஒவ்வொன்றையும் வேறு விதமாகத் திரும்பவும் கேட்டேன். தண்ணீர் குடித்தால் மகன் பெட்பேன் வைக்க வேண்டிவரும். அந்தக் கூச்சத்தில்தான் தொண்டை வறண்டு கிடந்திருக்கிறார். அப்புறம் கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாறுவதையே பயிற்சியாக வைத்தோம். அதுவரை காலைத் தூக்க மறுத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

"இத்தனை படுக்கைக்கு ஒரே நர்ஸ், இதற்கெல்லாம் நேரம் ஏது?" தெரியும், அந்த வார்டில் நிற்பவள் நான். ஆள் போடச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் புரட்டிப் படுக்கவைக்கும்போது, "அம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன், சரியா?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

"அன்பில் எடுத்த வீடியோ" என்கிறீர்கள். அன்பு இல்லை என்று நான் சொன்னேனா? அன்போடு செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன். குடும்பத்தாரை மட்டும் குறை சொல்லவும் இல்லை. பயிற்சி தரும் விதத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நோயாளி தேறுவாரா என்று பார்க்க, இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை வைத்து 'அட்டெண்ட்' ஆய்வு நடந்தது. 2017ல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பைவிடப் பலன் கூடவில்லை. ஆகவே வீட்டார் தலையில் கட்டிவிட்டு நாங்களும் ஒதுங்க முடியாது. 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது, நல்லது. அப்போதும் "அப்பா எப்படி இருக்கார்?" என்று மகனிடம்தான் விசாரிப்போமா? அப்பா அங்கேயேதானே படுத்திருக்கிறார்!

வீடியோவைத் திரும்பப் பாருங்கள். விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவக்கூடும், உயிர் போகிற வலி. அடுத்த நொடி மற்ற கையால் பந்தை எறிகிறார். வலிக்கிறது என்று வேறெப்படிச் சொல்வார்? குடும்பத்தையே தூக்கி நிறுத்திய மனுஷனாக இருப்பார். மூத்திரப் பையோடு தன்னை ஊருக்கெல்லாம் காட்டச் சம்மதமா என்று அவரிடம் கேட்டீர்களா?

வீடியோவை நீக்குங்கள். இதன் கீழே சிரிப்புக் குறி போடுபவர் யாராக இருந்தாலும் என் நட்புப் பட்டியலில் இருக்க மாட்டார்.