மால்டா போகிறீர்களா? கோஸோவில் தங்குங்கள்

மால்டா போகப்போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த வரி 'புளூ லகூன் போகணும்' என்பதுதான். இன்ஸ்டாவில் பார்த்த அந்த நீலம் எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: 'கோஸோ தீவை ஒரே பகலில் பார்த்துவிடலாமாமே?' இரண்டுக்கும் சேர்த்து என் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். புளூ லகூனை விட்டுவிடுங்கள். கோஸோவில் இரண்டு மூன்று இரவாவது தங்குங்கள்.

சிசிலிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது மால்டா. பெரிய தீவு மால்டா, அடுத்தது கோஸோ, இரண்டுக்கும் நடுவில் கையளவு கொமினோ. எல்லாம் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர்தான். புளூ லகூன் இருப்பது அந்தக் கொமினோவில். தீவின் மொத்தப் பரப்பே சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதன் ஒரு மூலைக்கு கோடைக்காலம் முழுக்க, காலை பத்து மணியிலிருந்து படகு படகாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தண்ணீர் அழகுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் துண்டு விரிக்க இடமில்லாமல், ஒவ்வொரு படகிலிருந்தும் ஒவ்வொரு பாட்டைக் கேட்டுக்கொண்டு, அன்னாசிப் பழத்தைக் குடைந்து அதில் ஊற்றித் தரும் பானத்துக்கு வரிசையில் நிற்பதுதான் அங்கே அனுபவம். உள்ளூர் மக்களே பொறுக்க முடியாமல், 2022-இல் ஆர்வலர்கள் அங்கே போய், கரையை அடைத்துப் போட்டிருந்த வாடகை நாற்காலிகளையும் குடைகளையும் அப்புறப்படுத்தினார்கள். 2025-இல் அரசு முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. இவ்வளவு நடந்த பிறகும் நாமும் போய் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டுமா?

நீல நிறத் தண்ணீர் கோஸோவில் எல்லாப் பக்கமும் இருக்கிறது. வடக்கே வியத் இல்-ஆஸ்ரி என்று ஓர் இடம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் ஓர் ஓடையைப் போல நெளிந்து உள்ளே வரும். படிக்கட்டில் இறங்கினால் கூழாங்கல் கரை. ராம்லா விரிகுடாவில் மணலே செம்மஞ்சள் நிறம். மேற்கே த்வேய்ராவில் இருந்த அஸூர் விண்டோ என்ற பிரம்மாண்டமான பாறை வளைவு, 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. 'அதான் விழுந்துடுச்சே, அங்க என்ன இருக்கு' என்று பலரும் த்வேய்ராவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். பாறை சூழ்ந்த சிறு குளம்போல உள்ளே ஒதுங்கிய கடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து சின்னப் படகில் ஏற்றி, மலையைக் குடைந்த இயற்கைச் சுரங்கம் வழியாக வெளிக்கடலுக்குக் கூட்டிப்போவார்கள். இருட்டான சுரங்கத்துக்குள் படகு போகும்போது தண்ணீர் மட்டும் அடியிலிருந்து நீலமாக ஒளிரும்.

கோஸோவை ஒரு பகலில் முடிக்கக்கூடாது என்பதற்கு எனக்கு மூன்று காரணங்கள். முதலாவது, டூர் பேருந்துகள் எல்லாம் மாலை நாலு ஐந்து மணிக்குப் படகுத் துறைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் ஊர் தெருவுக்கு வருகிறது. தாத்தாக்கள் தேவாலயத்து முன் பெஞ்சில் உட்காருவார்கள், பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து விளையாடுவார்கள். தீவின் நடுவே விக்டோரியா நகரத்தின் மேல் நிற்கும் கோட்டைக்கு அந்த நேரத்தில் ஏறிப் பாருங்கள், மொத்தத் தீவும் ஒரே பார்வையில் வந்துவிடும். 1551-இல் துருக்கியப் படை இந்தக் கோட்டையைப் பிடித்து, தீவின் பெரும்பாலான மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், 1637 வரை, ஊர் மக்கள் இரவானால் இந்தச் சுவருக்குள் வந்துதான் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. அந்த மதிலின் மேல் நின்றுகொண்டு கடலைப் பார்த்தால் அது வெறும் 'வியூ' ஆகத் தெரியாது.

இரண்டாவது காரணம் ஜிகந்தியா. ஷாரா என்ற ஊரில் இருக்கும் கற்கோயில். பொதுக் காலத்துக்கு முன் 3600 வாக்கில் கட்டியது, அதாவது எகிப்தின் பிரமிடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. உலோகக் கருவி இல்லாத காலம். கல்லையும் எலும்பையும் கொம்பையும் வைத்துக்கொண்டு ஆளுயரத்தைத் தாண்டிய பாறைகளை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். இதை மனிதர்கள் கட்டியிருக்க முடியாது, மொச்சையும் தேனும் மட்டுமே சாப்பிட்ட ஒரு ராட்சசி, கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டே கட்டினாள் என்பது ஊர்க் கதை. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கட்டியவளுக்கு ஒரு பிள்ளையும் உண்டு, சாப்பாடும் என்னவென்று தெரியும்! அந்த மொச்சையை இன்றும் பூண்டு சேர்த்து மசித்து பிகில்லா என்று எல்லா உணவகத்திலும் வைக்கிறார்கள், ரொட்டியில் தடவிச் சாப்பிட.

மூன்றாவது, சாப்பாடு. நாதூர் என்ற ஊரில் விறகு அடுப்பு பேக்கரிகள் உண்டு. அங்கே கோஸோ ஃப்திரா கிடைக்கும். பீட்ஸா என்று நினைத்துவிடாதீர்கள். ரொட்டி மாவைத் தட்டி, மேலே அப்பளம்போல மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கை அடுக்கி, தக்காளி, வெங்காயம், ஆலிவ், கேப்பர் மொட்டு, நெத்திலி போட்டு அடுப்பில் தள்ளுவார்கள். ஓரம் கருகி, உருளைக்கிழங்கு விளிம்பு மட்டும் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று வரும். மீன் வேண்டாம் என்றால் ஆட்டுப்பால் கட்டியும் முட்டையும் போட்டது கேளுங்கள். ஜ்பெய்னா என்ற அந்தப் பால்கட்டி கோஸோவின் சொத்து. உள்ளங்கையில் அடங்கும் சின்ன வட்டு. புதிதாக இருக்கும்போது தயிர் மாதிரி நழுவும். காயவைத்து மிளகு புரட்டியதில் காரமும் புளிப்பும் ஏறியிருக்கும். அப்புறம் ஷ்வெய்னி உப்பளம். கடற்கரைப் பாறையையே சதுரம் சதுரமாக வெட்டிப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். கோடையில் இன்றும் குடும்பம் குடும்பமாக அங்கே உப்பு வாருகிறார்கள். சாலையோரத்திலேயே பையில் போட்டு விற்பார்கள். பாத்திகளின் மேல் நடக்காதீர்கள். ஃபோட்டோவுக்காக அதில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. அது ஒருவருடைய பிழைப்பு.

கோஸோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விக்டோரியாவின் பிரதான சாலையில், ஒரே தெருவில், இரண்டு ஓபரா அரங்குகள் இருக்கின்றன. அரோரா ஒன்று, அஸ்த்ரா ஒன்று. ஊரின் இரண்டு தேவாலயங்களைச் சார்ந்த இரண்டு பேண்டு வாத்தியச் சங்கங்கள், ஒன்றுக்கொன்று சளைக்காமல், வருடா வருடம் அக்டோபரில் ஆளுக்கொரு ஓபரா மேடையேற்றுகின்றன. இவ்வளவு சின்ன ஊரில் இது போட்டியாலும் பக்தியாலும் மட்டுமே நடக்கிற காரியம். கோடையில் போனால் ஃபெஸ்தா பார்க்கலாம். புனிதரின் சிலையைத் தோளில் சுமந்து வருவார்கள், பகலிலேயே வேட்டு அதிரும், தெருவில் நூகட் மிட்டாய்க் கடை போட்டிருப்பார்கள். ஆகஸ்ட் 15 அன்று மரியன்னை விழா, விக்டோரியாவே தெருவில் நிற்கும்.

சரி, பெரிய தீவுக்கு வருவோம். அங்கேயும் கல்லிலிருந்தே தொடங்கச் சொல்வேன். பவோலா ஊரில், சாதாரணத் தெரு வீடுகளுக்கு அடியில், ஹல் சஃப்லியெனி நிலவறைக் கோயில் இருக்கிறது. 1902-இல் வீடு கட்டத் தோண்டும்போது வெளிப்பட்டது. பாறையைக் குடைந்து மூன்று தளம், ஆயிரக்கணக்கான பேரின் எலும்புகள் கிடைத்த இடம். மேலே கட்டிய கோயில்களின் தூணையும் விட்டத்தையும் அப்படியே பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மூச்சுக்காற்று பட்டாலே சுவரில் இருக்கும் செங்காவி ஓவியம் கெடும் என்பதால் ஒரு நேரத்துக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு 80 பேர்தான். ஃபோட்டோ எடுக்க அனுமதி இல்லை. டிக்கெட் வாரக்கணக்கில், சீசனில் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். எனவே இந்த டிக்கெட்டை முதலில் எடுங்கள், விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு. இதை நான் மனதாரச் சொல்கிறேன். அங்கே கிடைத்த, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும் பெண்ணின் சுடுமண் சிலை, தலைநகர் வல்லெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். பாவாடையின் மடிப்பு வரை தெரியும்.

தெற்குக் கரையில் ஹஜார் ஈம், இம்னாய்த்ரா என இரண்டு கோயில்கள். வெயிலும் மழையும் கல்லை அரிக்கின்றன என்று 2009-இல் இரண்டுக்கும் கூடாரம் போட்டுவிட்டார்கள். கூடாரம் கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் உண்டு. எனக்கு உறுத்தவில்லை. கல் மிஞ்சினால் போதும். இம்னாய்த்ராவின் கீழ்க்கோயிலில், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் சூரியன் எழும்போது ஒளி வாசல் வழியாக நேராக நடு அச்சில் உள்ளே போய் விழும். அன்று விடியற்காலையில் ஒரு சிறு கூட்டத்தை மட்டும் உள்ளே விடுவார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும்.

வல்லெட்டா எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது, நான் விரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். புனித யோவான் தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியம். ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி வந்தவர், 1608-இல் இங்கே, அப்போது மால்டாவை ஆண்ட வீரத்துறவிகளின் சபையில் சேர்ந்து, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சியை வரைந்தார். சுவரையே நிறைக்கும் படம். பாதிக்கு மேல் வெறும் இருட்டுச் சுவர்தான். கீழே, வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாகத் தெரிந்த ஒரே ஓவியம் இது. அதே வருடம் சண்டையில் சிக்கி, சிறையிலிருந்து தப்பி, சபையிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கும் சடங்கு நடந்ததும் இந்தப் படத்தின் முன்னால்தான். ஹை ஹீல்ஸ் போட்டுப் போகாதீர்கள், தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள், உள்ளே விடமாட்டார்கள். வெளியே வந்து மேல் பராக்கா பூங்காவில் பன்னிரண்டு மணிப் பீரங்கி கேட்டுவிட்டு, லிஃப்டில் இறங்கி, டைய்சா என்ற சின்னப் படகில் துறைமுகத்தைக் கடந்து அக்கரையில் இருக்கும் பிர்கு என்ற பழைய ஊருக்குப் போங்கள்.

பசிக்கு பஸ்திட்ஸி. அடுக்கடுக்காக உதிரும் மாவுக்குள் ரிக்கோட்டா பால்கட்டி, அல்லது மசித்த பட்டாணி. நடுவில் வாய் திறந்திருந்தால் பால்கட்டி, பக்கவாட்டில் மூடியிருந்தால் பட்டாணி. பழைய முறையில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, சுத்த சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். கூடவே கண்ணாடி டம்ளரில் பால் விட்ட டீ தருவார்கள், நம்மூர் டீக்கடையில் நிற்பது போலவே இருக்கும். முயல் கறி அவர்களுடைய விருந்துச் சாப்பாடு. பூண்டும் ஒயினும் விட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், குழம்பை முதலில் ஸ்பகெட்டியில் ஊற்றித் தந்துவிட்டு, கறி பிறகு வரும். மாலையில் இம்ஆரெத், பேரீச்சம்பழம் வைத்து எண்ணெயில் பொரித்தது. சோம்பும் ஆரஞ்சும் மணக்கும்.

மீன் பிரியர்கள் செப்டம்பருக்கு மேல் போனால் லம்பூகி கிடைக்கும். அதைப் பிடிக்கும் முறையே அழகு. பனையோலையைக் கடலில் வரிசையாக மிதக்கவிடுவார்கள். மீன் அந்த நிழலுக்கு வந்து கூடும், சுற்றி வலை போடுவார்கள். மார்சஷ்லொக் துறையில் ஞாயிறு காலைச் சந்தை பிரபலம். ஆனால் இப்போது மீனைவிட நினைவுப் பொருள் கடைகளே அங்கே அதிகம். முனையில் கண் வரைந்த வண்ணப் படகுகளையும் மீனையும் நிதானமாகப் பார்க்க வார நாளில் போவதே என் கட்சி.

எப்போது போவது என்று கேட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். கடல் கோடை முழுக்கச் சூடேறி இதமாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும், லம்பூகி வந்திருக்கும், இம்னாய்த்ராவில் ஒளி, விக்டோரியாவில் ஓபரா. ஜூலை, ஆகஸ்டில் நிழலில்லாத அந்தக் கற்களின் நடுவே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பது கொடுமை.

விசா ஷெங்கன். பணம் யூரோ. ஆங்கிலம் ஆட்சிமொழி, எல்லோரும் பேசுவார்கள். வண்டி இடப்பக்கம் ஓடும், பிளக் மூன்று முனை பிரிட்டிஷ் ரகம். கோஸோவில் பேருந்துகள் எல்லாம் விக்டோரியாவிலிருந்து கிளம்பும், பெரும்பாலும் மணிக்கு ஒன்று. பெரிய தீவின் வடமுனையில் இருக்கும் சிர்கெவ்வா துறையிலிருந்து கோஸோ படகு சுமார் 25 நிமிடம், கட்டணம் திரும்பி வரும்போதுதான். வல்லெட்டாவிலிருந்தே நேராகப் போகும் விரைவுப் படகும் இருக்கிறது, முக்கால் மணி நேரம். போகும் வழியில் வெளியே நின்றால் கொமினோ கடந்து போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.