பிறந்தநாள் தோரணமும் கிரீடமும் கடையில் முந்நூறு ரூபாய்தானாம்!

இன்னொரு முறை யாராவது இதைச் சொன்னால் கத்தியே விடுவேன்.

மகளுக்கு இரண்டு வயது, வானவில் தீமில் பிறந்தநாள். தோரணம், பூ போட்ட துணிக் கிரீடம் இரண்டையும் நானே தைத்தேன். தோரணத்துக்கு நிறத்துக்கு 6 வீதம் 42 முக்கோணக் கொடி. இரண்டு பக்கமும் துணி, ஆக 84 துண்டு. ஒவ்வொரு ஜோடியையும் உட்புறம் வெளியே தெரிய வைத்துத் தைத்து, முனையில் தையல் அறுந்துவிடாமல் நறுக்கி, திருப்பி, பின்னல் ஊசியால் கூர் தள்ளி, இஸ்திரி போட வேண்டும். அப்புறம் கிராஸ் பீஸில், அதாவது குறுக்காக வெட்டிய துணிப் பட்டியில், வரிசையாகப் பொருத்த வேண்டும். ஒரு முழம் ஓட்டிய பிறகுதான் மெஷினின் அடிநூல் சுற்றிய பாபினில் நூல் தீர்ந்ததே தெரியும். மறுபடி முதலிலிருந்து. மணி இரவு ஒன்று.

வந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதா? ஒருவர் தோரணத்தை இழுத்து அதில் பலூன் கட்டினார். இன்னொருவர், "கிரீடத்தில் நாலு பட்டன் வைத்திருக்கலாமே" என்றார். இரண்டு வயதுக் குழந்தை பட்டனைப் பிய்த்தால் வாயில் போடாமல் வேறென்ன செய்யும்? அதற்காகத்தானே பூ முழுவதையும் நூலிலேயே போட்டேன்! ஒரு பெரியம்மா அந்தக் கிரீடத்தாலேயே குழந்தையின் வாயிலிருந்த கேக் க்ரீமைத் துடைத்தார். துடைத்தார்!

போகும்போது அவரேதான், "என் பேத்திக்கும் ஒரு செட் தைத்துக் கொடும்மா, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்றார்.

சும்மாவா? கிரீடத்தை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். ஊதாப் பூவில் அந்த க்ரீமின் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.